இரு பெட்டிகளுக்கு இடையே

அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலம் மக்காச்சோளம் விளையும் பூமி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குள்ள சிற்றூர்களை வெளியுலகோடு பிணைத்தவை இருப்புப்பாதைக் கிளைகளே. தானியக் கிடங்கு, நிலக்கரிக் களம், மரவாடி, கால்நடைப் பட்டி ஆகியவற்றுக்கெனப் பக்கப்பாதைகள் இருந்தன. கூட்ஸ் வண்டி ஊர்தோறும் நின்று, நிறைந்த பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெற்றுப் பெட்டிகளை விட்டுச் செல்லும். நாம் ஷண்டிங் என்று வழங்கும் பணி இது.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அப்படியன்று. வண்டி கடந்து சென்றபின் பின்னால் வந்து நுழையத்தக்க பக்கப்பாதையாயின், எஞ்சின் பெட்டியைப் பின்னோக்கித் தள்ளிவிடலாம். எதிர்முகமாகப் பிரியும் பாதையிலோ, பெட்டியை இழுத்துச் செல்லும் எஞ்சின் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். எனவே எஞ்சினைக் கழற்றி, வேறொரு பாதை வழியே சுற்றிவந்து, பெட்டியின் மறுபுறம் மாட்ட வேண்டும். அதற்கும் வழியில்லாத இடத்தில், ஓட்டத்திலேயே பெட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சின் விரைந்து முன்செல்லும். இடைப்பட்ட சில நொடிகளில் பாயிண்டைத் திருப்புவர். பெட்டி தானே உருண்டு உள்ளே போகும். கூரைமேல் நின்று கைப்பிரேக்கைத் திருகி அதனை நிறுத்துபவர் பிரேக்மேன்.

தொலைதூர வண்டி ஒருமுறை இணைக்கப்பட்டால் நெடுந்தொலைவு ஓடும். கிளைப்பாதை வண்டிக்கோ ஊருக்கு ஊர் இணைப்பும் பிரிப்புமே வேலை. அந்நாளில் இணைப்பு என்பது ஓர் இரும்பு வளையமும் ஒரு முளையும். நெருங்கிவரும் பெட்டிக்கும் நிற்கும் பெட்டிக்கும் நடுவே பிரேக்மேன் நின்று, வளையத்தைக் கையால் ஏந்தி எதிர்க்குழியில் செலுத்தி, முளையை இறக்க வேண்டும். கையை இழுக்கத் தாமதித்தால் விரல் போகும். கால் இடறினால் உயிரே போகும். விரலிழந்த கையே அனுபவத்தின் அடையாளமாகக் கருதப்பட்டதாம்!

1874-இல் பிரேக்மேன் ஒருவர் இவ்வாறு விரல்களை இழந்ததை லொரென்சோ காஃபின் நேரில் கண்டார். இவர் அயோவாவின் ஃபோர்ட் டாட்ஜ் பகுதி விவசாயி. உள்நாட்டுப் போரில் படையினரின் ஆன்மகுருவாய் இருந்தவர். இதற்குத் தீர்வு முன்பே இருந்தது. மடக்கிய விரல்கள் கோத்துக்கொள்வதுபோல மோதிய அளவில் தானே பூட்டிக்கொள்ளும் இணைப்பிக்கு ஈலை ஜேனி 1873-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். கம்பெனிகள் செலவுக்கு அஞ்சின. விரல்களுக்கு விலை இல்லாதபோது கணக்கு அப்படித்தான் அமையும். காஃபின் ஓயாது எழுதினார், பேசினார். 1893-இல் அதிபர் ஹாரிசன் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1900-இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1892-இல் ஏறத்தாழ 11,000 ஆக இருந்த இணைப்பு விபத்துகள் 1902-இல் 2,000-க்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் குறைந்தன.

ஆயினும் 1900 ஆகஸ்டில், யூட்டா மாநிலத்தின் புரோமான்டரியில், உணவுப்பெட்டி ஒன்றை எஞ்சினோடு இணைக்கையில் ஜான்சன் என்ற பிரேக்மேன் கையை இழந்தார். இரண்டும் தானியங்கி இணைப்பிகளே. ஆனால் வெவ்வேறு வகை, ஒன்றோடொன்று பொருந்தாதவை. எஞ்சின் 'பெட்டி' ஆகாது, ஆகவே சட்டம் பொருந்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. எஞ்சினும் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆண்டு 1904.