அரணையின் பெயர் வரலாறு



பட்டாபிராமில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் சென்ற கோடையில் ஓர் அரணை வெயில் காய்ந்து கொண்டிருந்தது. அண்டை வீட்டுச் சிறுவன் கழியை ஓங்கினான். "தாத்தா, பாம்புராணி! இது நக்கினாலே மரணமாம், பாட்டி சொன்னாங்க" என்றான். எனக்குச் சினம் வரவில்லை, நாணமே வந்தது. ஏனெனில், ஆசிரியனாயிருந்த இளமையில் அதே சொல்லை ஆராயாமல் மாணவர்க்குச் சொன்னவன் நான். அரணைக்கு நஞ்சு இல்லை. பூச்சிகளே அதன் இரை.

கழியைக் கீழே வைக்கச் சொல்லி, அதன் வரலாற்றை அவனுக்குக் கூறினேன். சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் 1758-இல் உயிர்களுக்கு இருசொற் பெயர் சூட்டியபோது, நம் நாட்டுப் புள்ளி அரணைக்கு 'லாசெர்ட்டா பங்க்டேட்டா' என்று பெயரிட்டார். அன்று பல்லியும் முதலையும்கூட லாசெர்ட்டா என்னும் ஒரே தலைப்பில் அடங்கியிருந்தன! 1801-இல் ஜெர்மானியரான ஷ்னைடர், நாம் மிகுதியும் காணும் பெரிய அரணையை 'சின்கஸ் கேரினேட்டஸ்' என்றார். பின்னர் அது 'மபூயா' என்னும் இனத்தில் சேர்க்கப்பட்டது. 1935-இல் வெளியான மால்கம் ஸ்மித்தின் இந்தியப் பல்லிகள் பற்றிய நூலிலும் அப்பெயரே உள்ளது. ஆனால் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய மூன்று கண்டங்களின் அரணைகளும் அவ்வொரு பெயரின்கீழ் நெருக்குண்டு கிடந்தன. 2002-இல் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்தனர். மபூயா என்னும் பெயர் அமெரிக்க அரணைகளிடம் நின்றது. ஆசிய அரணைகளுக்கு, ஃபிட்சிங்கர் 1843-இல் ஆக்கிய 'யூட்ரோப்பிஸ்' என்னும் பழம்பெயர் மீண்டும் வழங்கலாயிற்று.

இத்தனை மாற்றத்திலும் 'கேரினேட்டா' என்னும் அடைமொழி மட்டும் அழியவில்லை. காரணம் யாது? தோணியின் அடிக்கட்டை போன்ற மேட்டுக்கோடு உடையது என்பது அதன் பொருள். அரணையின் முதுகுச் செதில் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் மூன்று கோடுகள் புடைத்திருக்கும். இனத்தின் பெயர் கருத்தைப் பற்றியது, கருத்து மாறலாம். அடைமொழியோ கண்ணாற் கண்ட அடையாளத்தைப் பற்றியது; அது நின்றது.

புள்ளி அரணையின் செதில்களோ வழவழப்பானவை. அதன் கால்கள் குறுகியவை. ஓட்டம் பாம்பின் நெளிவை ஒக்கும். பாம்புராணி என்னும் பெயர் அதற்கே நன்கு பொருந்தும். குட்டிப் பருவத்தில் அதன் வால் சிவந்திருக்கும். அச்சிவப்பைக் கண்டே பலர் அஞ்சி அடித்து விடுகின்றனர்.

சிறுவன் குந்தி அமர்ந்து நெடுநேரம் உற்று நோக்கினான். "தாத்தா, முதுகில் கோடு தெரியுது, இது பெரிய அரணைதான்" என்றான். அச்சம் அவனை விட்டு அகன்றிருந்தது. நான் முன்னர்த் தவறாகக் கற்பித்த மாணவர்களுள் எவரேனும் இப்பேச்சைக் கேட்பாராயின், அவர்களும் கழியை எடுக்குமுன் ஒருமுறை செதிலைப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.