கவனமும் பரம்பரையும்: உளப்பிளவு நோய் ஆராய்ச்சியின் வரலாறு

சிசோபிரேனியா எனப்படும் உளப்பிளவு நோயைப் பற்றிய ஆராய்ச்சியில் இரு வினாக்கள் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்து வந்தன. நோயாளியின் கவனம் ஏன் சிதறுகின்றது என்பது ஒன்று. நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றதா என்பது மற்றையது. இவ்விரண்டும் ஒன்றிணைந்த வரலாறு விஞ்ஞானத்தின் வளர்ச்சியை மட்டுமன்றி, விஞ்ஞானத்தின் பெயரால் மனிதருக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும் உள்ளடக்கியதாகும்.

1890களில் ஜேர்மனிய உளமருத்துவர் எமில் கிரெப்பலின் இந்நோயைத் தனியொரு நோயாக வகுத்தார். நோயாளர் தம்மைச் சூழ நிகழ்வனவற்றை அறியக்கூடியவராயினும், கவனத்தை ஒன்றில் நிலைநிறுத்தும் நாட்டத்தை இழந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1908இல் நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டிய சுவிற்சர்லாந்தின் ஒய்கன் புளொய்லர், வேண்டாதவற்றை விலக்கும் ஆற்றல் கவனத்திலிருந்து நீங்கிவிடுவதை 1911இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கவனக் குறைபாடு இவ்வாறு தொடக்கத்திலேயே இனங்காணப்பட்டது. ஆயினும் அடுத்து வந்த காலத்தில் மேலோங்கி நின்றது பரம்பரை பற்றிய வினாவேயாகும்.

மியூனிக் நகரிற் பணியாற்றிய ஏர்ன்ஸ்ற் றூடின், நோயாளரின் உடன்பிறந்தோரை ஆராய்ந்து 1916இல் நூலொன்றை வெளியிட்டார். மென்டலின் எளிய விகிதம் எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் தரவுகள் தராத உறுதியை அரசியல் தந்தது. 1933 யூலை 14ஆம் திகதி நாசி அரசு இயற்றிய கட்டாய மலடாக்கற் சட்டத்தில் உளப்பிளவு நோயும் இடம்பெற்றது. அச்சட்டத்திற்கு விளக்கவுரை எழுதியோருள் றூடினும் ஒருவர். அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 400,000 பேர் மலடாக்கப்பட்டனர். 1940, 1941ஆம் ஆண்டுகளில் உளநோயாளரும் உடற்குறையுடையோருமாக 70,000க்கு மேற்பட்டோர் நச்சுவாயுவினாற் கொல்லப்பட்டனர்.

போருக்குப் பின்னர் இவ்வினாவை மீண்டும் எழுப்பியோர் கூடிய எச்சரிக்கையுடன் செயற்பட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில், நோயுற்ற தாய்மாரிடமிருந்து பிறந்து மூன்று நாட்களுக்குள் பிரிக்கப்பட்ட 47 பிள்ளைகளின் பிற்கால வாழ்க்கையை லெனார்ட் ஹெஸ்ரன் ஆராய்ந்தார். அவர்களுள் ஐவர் நோயுற்றமையும், ஒப்பீட்டுக்குரிய 50 பேரில் எவரும் நோயுறாமையும் 1966இல் வெளிவந்தன. பரம்பரையின் பங்கு இதனால் தெளிவாயிற்று. அதன் எல்லையை இரட்டையர் பற்றிய ஆய்வுகள் காட்டின. ஒருகருவில் தோன்றிய இரட்டையருள் ஒருவர் நோயுற்றால், மற்றவரும் நோயுறுவது ஏறத்தாழப் பாதிச் சந்தர்ப்பங்களிலேயாகும்.

அங்ஙனமாயின் பரம்பரையாக வருவது நோய்தானா, அன்றி நோய்க்கு இடமளிக்கும் ஏதேனும் ஓர் இயல்பா? இவ்வினாவே கவனத்தை மீண்டும் அரங்கிற்குக் கொணர்ந்தது. மூளைப் பாதிப்புற்றோருக்காக 1956இல் அமைக்கப்பட்ட சோதனையொன்று இதற்குக் கருவியாயிற்று. திரையில் எழுத்துக்கள் தொடர்ந்து தோன்ற, குறித்த எழுத்து வரும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதே சோதனை. நோயாளர் இதிற் பின்தங்கினர். நோயற்ற உறவினரும் சராசரியாகச் சற்றுப் பின்தங்கியமை பின்னர் அறியப்பட்டது.

நியூயோர்க்கில் எர்லன்மேயர்-கிம்லிங் 1971இல் தொடங்கிய ஆய்வு, நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளைச் சிறுபராயம் முதல் வளர்ந்தோராகும்வரை தொடர்ந்தது. பின்னாளில் நோயுற்றோருள் 58 வீதத்தினரிடம் சிறுவயதிலேயே கவனக் குறைபாடு காணப்பட்டது என 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. நோயுறாதோருள்ளும் 18 வீதத்தினரிடம் அக்குறை இருந்தது. இவ்விரு எண்களையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். இத்தகைய பிள்ளைகள் நூறு பேரில் பத்துப் பேர் நோயுறுவர் எனக் கொள்வோமாயின், சோதனை அவர்களுள் ஆறு பேரையே சுட்டும். நோயுறாத பதினாறு பேரையும் சேர்த்துச் சுட்டும். கூட்டத்தைப் பற்றிய உண்மை, தனியொரு பிள்ளையைப் பற்றிய தீர்ப்பாகாது.

பரம்பரையலகு ஆராய்ச்சியும் இதனையே வலியுறுத்துகின்றது. டோபமைனைச் சிதைக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகின் வேறுபாடொன்று, முன்மூளையின் தொழிற்பாட்டையும் விதி மாறும்போது கவனத்தைத் திருப்பும் திறனையும் பாதிக்கின்றது என 2001இல் கூறப்பட்டது. பல ஆய்வுகளை ஒருசேர நோக்கியபோது அத்தொடர்பு வலுவிழந்தது. 76,000க்கு மேற்பட்ட நோயாளரை உள்ளடக்கி 2022இல் வெளிவந்த ஆய்வோ, நோயுடன் தொடர்புடைய 287 இடங்களைப் பரம்பரைப் பொருளில் இனங்கண்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றின் தனித்தனி விளைவு மிகச் சிறியது.

எனவே, றூடின் தேடிய எளிய விகிதம் இருந்ததில்லை; அதன் பெயரால் மலடாக்கப்பட்டோர் இல்லாத உறுதிக்கே பலியாயினர். கவனக் குறைபாடு உளப்பிளவு நோயாளரின் கல்வியையும் தொழிலையும் இடர்ப்படுத்துகின்றது. அதனை அளக்கும் கருவி அவர்களுக்குக் கைகொடுக்கப் பயன்பட வேண்டுமேயன்றி, பிறவாத பிள்ளையின் மீதும் பிறந்த பிள்ளையின் மீதும் முத்திரை குத்தப் பயன்படலாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.