முகாமும் சிற்றிதழும்: ஈழத்தமிழர் கண்ட ஜேர்மனி

புலம்பெயர் தமிழராய்வில் ஜேர்மனி பெரும்பாலும் எண்ணிக்கையாகவே இடம்பெறுகின்றது. அகதி விண்ணப்பங்கள் எத்தனை, ஏற்கப்பட்டவை எத்தனை என்பன அரச ஆவணங்களிற் கிடைக்கும். வந்தவர்கள் அந்நாட்டை எவ்வாறு கண்டனர் என்பதற்கான சான்றுகளோ தமிழிலேயே, அதிலும் சிற்றிதழ்களிலும் புனைகதைகளிலும் உள்ளன. அவற்றை இலக்கியத் திறனாய்வாளரிடம் விட்டுவிட்டு வரலாற்றாசிரியர் ஒதுங்கிக்கொண்டது தவறென்பதே எனது துணிபு.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தோர் பலர் முதலிற் கண்டது கிழக்கு ஜேர்மனியை. சோவியத் அல்லது கிழக்கு ஜேர்மன் விமானத்திற் சோனபெல்ட் நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையத்தினூடாக மேற்கு பேர்லினுக்குத் தொடருந்தில் சென்றனர். நகரைப் பிரித்த கோட்டை நாட்டெல்லையாக ஏற்க மேற்குத் தரப்பு மறுத்தமையால் அங்கே வழக்கமான எல்லைச் சோதனை இருக்கவில்லை. சொந்தக் குடிமக்களைத் தடுத்த மதில் யாழ்ப்பாணத்து இளைஞருக்கு வாயிலாயிற்று! மேற்கின் வற்புறுத்தலால், விசா இல்லாத இலங்கையரை ஏற்றிவருவதில்லை எனக் கிழக்கு அரசு 1985 இல் இணங்கியது. பனிப்போர் அரசியலை இவர்கள் கற்றது இவ்வழியிலேயே.

உள்ளே நுழைந்தபின் காத்திருந்தது 1982 ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டம். விண்ணப்பதாரர் தமக்குரிய நிர்வாக மாவட்டத்தை அனுமதியின்றித் தாண்டலாகாது. முகாமில் வசித்தல் வேண்டும். தொழில்தடை 1987 இல் ஐந்தாண்டுகளாக நீட்டப்பட்டது. ஹைம், சோசல் காசு, கேஸ், டுல்டுங் ஆகிய சொற்கள் அவர்தம் அன்றாடப் பேச்சில் அப்படியே குடியேறின. டுல்டுங் என்பதன் நேர்ப்பொருள் 'பொறுத்துக்கொள்ளல்'. அகதியாக ஏற்காது, நாடுகடத்தலை மட்டும் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நிலை அது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழர், தாம் இந்தியாவிலிருந்து வந்ததாகவே முதலிற் கூறினர். உண்மையில் அவர்கள் கப்பலேறியது மேற்கு ஜேர்மனியில். பாதுகாப்பான நாடொன்றிலிருந்து மீண்டும் கடலேறியதைப் பேராசையெனக் கண்டித்தோர் டுல்டுங்கின் பொருளை அறிந்திருக்கமாட்டார்கள்.

(சிட்னியில், லிட்கமிலிருந்து இதனை எழுதும்போது அருகேயுள்ள வில்லவூட் தடுப்பு நிலையம் நினைவுக்கு வராமலில்லை. 1992 முதல் அவுஸ்திரேலியா கட்டாயத் தடுப்புக்காவலை மேற்கொண்டது. ஜேர்மனி கம்பிவேலிக்குப் பதிலாக மாவட்ட எல்லையைப் பயன்படுத்தியது.)

இச்சூழலில் 1988 இல் ஹேர்ண நகரில் முதலாவது இலக்கியச் சந்திப்பு நடைபெற்றது. 'தூண்டில்' போன்ற இதழ்கள் வெளிவந்தன. வேலையின்மை தந்த ஓய்வே இவ்வெழுத்துகளுக்குக் காரணமென்பர் சிலர். அது பாதி உண்மை. தாயக அரசியலிலும் இயக்கங்களிலும் கொண்ட கருத்துவேறுபாட்டைப் பேச இடம் தேவைப்பட்டமை மறுபாதி. பார்த்திபனின் 'ஆண்கள் விற்பனைக்கு' ஜேர்மனியரை விடுத்துத் தமிழரின் சீதன வழக்கத்தையே விசாரிக்கின்றது. பெண்கள் தனியே கூடத் தொடங்கியதும் இக்காலத்திலேயே. அந்நிய நாட்டில் நின்று தம்மையே நோக்கிய இப்பார்வையை எந்த அரச அறிக்கையும் பதிவுசெய்யவில்லை.

1993 இல் அரசியலமைப்பின் புகலிட உரிமை சுருக்கப்பட்டது. எஞ்சியோர் வேரூன்றினர், 2002 இல் ஹம் நகரின் தொழிற்பேட்டைப் பகுதியிற் காமாட்சி அம்பாள் கோயில் குடமுழுக்குக் கண்டது. பொ. கருணாகரமூர்த்தியின் 'பெர்லின் நினைவுகள்' வாடகைக்காரோட்டியின் இருக்கையிலிருந்து அந்நகரைக் காண்கின்றது. முகாம் வாசலில் விசாரணையாளராக எதிர்கொண்ட ஜேர்மனியர் இங்கே பின்னிருக்கையில் அமர்ந்து, செல்லுமிடத்தைச் சொல்கின்றனர்.