ஒரே தேதி, ஐந்து நவம்பர்கள்

எம் கல்லூரி நூலகத்தின் வாயிலில் ஒரு கரும்பலகை உண்டு. 'வரலாற்றில் இன்று' என்னும் தலைப்பில் நாள்தோறும் ஐந்தாறு வரிகளை மாணவர்கள் எழுதி வைப்பது வழக்கம். ஒரு நவம்பர் 9 அன்று அப்பலகையில் இருந்தவை இவை: கவிஞர் இக்பால் பிறந்த நாள் (1877), ஐன்ஸ்டீனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட நாள் (1922), ஜூனாகத் இந்திய ஆளுகைக்குள் வந்த நாள் (1947), பெர்லின் சுவர் திறந்த நாள் (1989), முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மறைந்த நாள் (2005).

அதைப் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "ஐயா, இவற்றுக்குள் ஏதேனும் தொடர்பு இருக்கிறதா?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லையம்மா, எல்லாம் தற்செயல்தான்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு விரைந்தோம். பலகையிலிருந்த வரிகளைப் பொறுத்தவரை அவ்விடை சரியானதே. ஆனால் பலகையில் இல்லாத வரிகள் சில இருந்தன. அவற்றைப் பொறுத்தவரை அவ்விடை தவறு. அம்மாணவிக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

ஜெர்மானியர்கள் நவம்பர் 9ஐ 'விதியின் நாள்' என்று அழைப்பதுண்டு. விதி என்ற சொல்லைக் கேட்டதும் ஊழ்வினையை எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. அந்நாளின் கதையில் தற்செயல் உண்டு. மனிதர் வேண்டுமென்றே செய்ததும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நம் நோக்கம்.

முதலில் 1848. ஐரோப்பாவெங்கும் புரட்சி பரவிய ஆண்டு அது. பிராங்பர்ட் நகரில் கூடிய ஜெர்மானிய தேசியப் பேரவையின் உறுப்பினர்களுள் ஒருவர் ராபர்ட் புளூம். எளிய குடும்பத்தில் பிறந்து, நாடக அரங்கில் பணியாற்றி, பின் நூல் வெளியீட்டிலும் ஈடுபட்டவர். வியன்னாவில் அரசருக்கெதிராக எழுந்த கிளர்ச்சியில் பங்குகொண்ட அவரைப் படையினர் பிடித்தனர். பேரவை உறுப்பினர் என்னும் பாதுகாப்பு அவருக்கு உதவவில்லை. இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்புப்படி நவம்பர் 9 அன்று காலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அவருக்கு 41 வயது நிறைந்திருக்கும். மக்களாட்சிக் கனவு அந்நாட்டில் முதன்முறையாக முறிந்ததன் அடையாளமாக அவர் சாவு நின்றது.

எழுபதாண்டுகள் கழித்து அதே நாளில் அக்கனவு மீண்டும் எழுந்தது. 1918 நவம்பர் தொடக்கத்தில் கீல் துறைமுகத்தில் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தனர். அத்தீ தலைநகரை எட்டியது. 9ஆம் நாள் நண்பகலில், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடிதுறந்தார் என்று தலைமையமைச்சர் இளவரசர் மாக்ஸ் அறிவித்தார். பேரரசரோ அவ்வேளையில் பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் இருந்தார். அவர் முறைப்படி கையொப்பமிட்டது நவம்பர் 28ஆம் நாளில்தான். பிற்பகலில் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து பிலிப் ஷைடமான் குடியரசைப் பிரகடனம் செய்தார். சில மணி நேரத்துக்குள் கார்ல் லீப்க்னெக்ட் அரண்மனையருகே சோசலிசக் குடியரசைப் பிரகடனம் செய்தார். ஒரே நகரில், ஒரே நாளில், இரு குடியரசுகள்! இரண்டே நாளில், நவம்பர் 11 அன்று, முதல் உலகப்போர் ஓய்ந்தது.

1848க்கும் 1918க்கும் இடையே தேதி ஒன்றானது தற்செயலே. கீல் துறைமுகத்து மாலுமிகள் புளூமின் நினைவு நாளைக் கணக்கிட்டுக் கிளர்ச்சி செய்யவில்லை. ஆனால் இதற்குப் பின்னர் நிகழ்ந்தவற்றை அவ்வாறு சொல்லிவிட முடியாது.

போரில் தோற்ற நாட்டில் தோல்விக்குப் பழி சுமத்த ஓர் இலக்கு தேவைப்பட்டது. களத்தில் படை தோற்கவில்லை, உள்நாட்டில் குடியரசுவாதிகளும் யூதர்களும் முதுகில் குத்திவிட்டனர் என்ற பொய் பரப்பப்பட்டது. 1918 நவம்பரில் ஆட்சியேற்றவர்களை 'நவம்பர்க் குற்றவாளிகள்' என்று ஏசினர். ஒரு மாதத்தின் பெயரே வசைச்சொல்லாயிற்று. 1923 நவம்பர் 8 மாலை, குடியரசின் ஐந்தாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய மாலை, மியூனிக் நகரின் பெரிய மதுக்கூடமொன்றில் நடந்த கூட்டத்துக்குள் ஹிட்லர் ஆயுதமேந்திய தம் ஆட்களுடன் புகுந்து ஆட்சிக் கவிழ்ப்பை அறிவித்தார். மறுநாள் நகரின் நடுவே அணிவகுத்துச் சென்றவர்களைக் காவலர்கள் தடுத்தனர். துப்பாக்கிச் சூட்டில் காவலர் நால்வர் உயிரிழந்தனர். ஹிட்லரின் பக்கத்தில் மாண்டோர் என்று 16 பேர் கணக்கிடப்பட்டனர். ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ஹிட்லர் 1924 டிசம்பரிலேயே வெளியே வந்துவிட்டார்.

1933இல் அவர் ஆட்சியைப் பிடித்ததும் அத்தோல்வி திருநாளாக மாறியது. ஆண்டுதோறும் நவம்பர் 8, 9 ஆகிய நாட்களில் பழைய தோழர்கள் மியூனிக்கில் கூடுவர். மாண்டவர்களுக்கு வீரவணக்கம் செலுத்துவர். இச்சடங்குதான் 1938ஆம் ஆண்டின் பேரழிவுக்கு மேடையமைத்துத் தந்தது.

அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் ஜெர்மனியில் வாழ்ந்த போலந்து யூதர்கள் ஆயிரக்கணக்கில் எல்லைக்கு விரட்டப்பட்டனர். அவர்களுள் ஒரு குடும்பத்தின் மகன், பாரிஸில் இருந்த 17 வயது ஹெர்ஷல் கிரின்ஸ்பான். நவம்பர் 7 அன்று அவன் ஜெர்மன் தூதரகத்துக்குள் சென்று எர்ன்ஸ்ட் ஃபொம் ராத் என்னும் அதிகாரியைச் சுட்டான். அவர் உயிர்துறந்தது 9ஆம் நாள். அச்செய்தி எட்டிய வேளையில் நாஜித் தலைவர்கள் அனைவரும் மியூனிக் நகர மண்டபத்தில் விருந்துக்காகக் கூடியிருந்தனர்! கோயபல்ஸ் எழுந்து வெறுப்புரை ஆற்றினார். அங்கிருந்தே நாடெங்கும் தொலைபேசிகள் ஒலித்தன.

அன்றிரவும் மறுநாளும் 1,400க்கும் மேற்பட்ட யூத வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன அல்லது சூறையாடப்பட்டன. ஏறத்தாழ 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன. சுமார் 30,000 ஆடவர்கள் வதை முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 91 பேர் கொல்லப்பட்டதாக அரசே கணக்குக் காட்டியது. உண்மைத் தொகை அதனினும் மிகுதி. அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் காப்பதே தீயணைப்போரின் பணி, வழிபாட்டிடங்கள் எரியட்டும் என்பது ஆணை. இழப்புக்கு ஈடு தருவதற்கு மாறாக, யூதர்கள் மீதே நூறு கோடி மார்க் தண்டம் விதிக்கப்பட்டது.

ஆண்டு நினைவுச் சடங்கை இன்னொருவரும் கணக்கில் கொண்டிருந்தார் என்பது நாம் கருதத்தக்க செய்தி. கியோர்க் எல்சர் என்னும் தச்சர், ஹிட்லர் ஆண்டுதோறும் நவம்பர் 8 அன்று அதே மதுக்கூடத்தில் பேசுவார் என்பதை அறிந்து, இரவு இரவாக அங்கே ஒளிந்திருந்து தூணைக் குடைந்து வெடிகுண்டு வைத்தார். 1939இல் குண்டு குறித்த நேரத்தில் வெடித்தது. மூடுபனியால் வானூர்தி பறக்க இயலாதெனத் தொடர்வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்ததால், ஹிட்லர் 13 நிமிடங்களுக்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தார். எல்சர் சிறைப்பட்டு, 1945 ஏப்ரலில் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார்.

இனி 1989. கிழக்கு ஜெர்மனியில் மக்கள் கிளர்ச்சி மிகுந்த வேளையில், வெளிநாட்டுப் பயணத்துக்கான புதிய விதிகளை அரசு வகுத்தது. அவை நவம்பர் 10 காலையில் வெளியிடப்பட வேண்டியவை. இந்நிபந்தனை ஆளுங்கட்சியின் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கிக்குத் தெரியாது. 9ஆம் நாள் மாலையில் செய்தியாளர்களிடம் அவ்விதிகளைப் படித்தவர், எப்போது நடைமுறைக்கு வரும் என்ற வினாவுக்குத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உடனடியாக என்னும் பொருள்பட விடையளித்தார். மக்கள் சுவரை நோக்கித் திரண்டனர். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியின் அதிகாரி ஹெரால்ட் யேகர், மேலிடத்திலிருந்து தெளிவான ஆணை கிடைக்காத நிலையில், இரவு 11.30 மணியளவில் தடுப்புகளைத் திறந்துவிட்டார். 1961 முதல் 28 ஆண்டுகளாக நின்ற, 140 பேரையாவது பலிகொண்ட எல்லை அன்று திறந்தது.

ஷபோவ்ஸ்கி தம் தாளைச் சரியாகப் படித்திருப்பின் சுவர் திறந்த நாள் வேறாகியிருக்கலாம். ஆகவே 1989இன் தேதி தற்செயல். ஒரு கவனப் பிழையின் விளைவு. 1918, 1923, 1938 ஆகியவற்றை இணைப்பதோ அத்தகைய தற்செயல் அன்று. முதலாவதன்மீது கொண்ட வெறுப்பு இரண்டாவதை ஈன்றது; இரண்டாவதன் கொண்டாட்டம் மூன்றாவதற்கு இடமும் வேளையும் அமைத்துத் தந்தது. அங்கே தேதி ஓர் ஆயுதமாகவே கையாளப்பட்டது.

ஒன்றிணைந்த ஜெர்மனிக்கு ஒரு தேசிய நாள் வேண்டுமென்றபோது நவம்பர் 9ஐச் சிலர் முன்மொழிந்தனர். யூத வழிபாட்டிடங்கள் எரிந்த நாளில் வாணவேடிக்கை நடத்துவது எங்ஙனம்? முறைப்படி இணைப்பு நிகழ்ந்த 1990 அக்டோபர் 3ஆம் நாளே விடுமுறை நாளாயிற்று. நவம்பர் 9 வேலை நாளாகவே தொடர்கிறது. ஆயினும் அந்நாளை ஒட்டிப் பல ஊர்களில் மக்கள் தெருவோரம் குனிந்து, கொலையுண்டோர் வாழ்ந்த வீடுகளின் முன் பதிக்கப்பட்டுள்ள சிறு பித்தளைத் தகடுகளைத் துடைத்துத் துலக்கி மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். அதே நாளில் பெர்லினில் சுவர் இருந்த இடத்தில் அதன் திறப்பும் நினைவுகூரப்படுகிறது. மகிழ்ச்சிக்காகத் துயரத்தை அழிக்கவுமில்லை; துயரத்துக்காக மகிழ்ச்சியை மறுக்கவுமில்லை.

எம் நூலகப் பலகையில் 1989 இருந்தது, 1938 இல்லை. எழுதிய மாணவர்களைக் குறைகூறிப் பயனில்லை. நாள்தோறும் அப்பலகையைக் கடந்து செல்லும் ஆசிரியராகிய நாமும் அவ்வெற்றிடத்தைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த நவம்பரில் அவ்வரியைச் சேர்க்கச் சொல்வதென்று முடிவு செய்துள்ளோம். அம்மாணவி இப்போது படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். இக்கட்டுரை எங்கேனும் அவள் கண்ணில் படுமாயின், அன்று அவசரத்தில் சொன்ன விடைக்கு எம் வருத்தத்தையும் அவள் பெற்றுக்கொள்வாளாக.

நண்பர்களே, இவ்வாறு ஒரே தேதியில் பெருமையும் பழியும் ஒருங்கே படிந்த வேறு நாட்கள் உங்கள் நினைவுக்கு வருமாயின், அவசியம் எழுதுங்கள். தேதி ஒன்றாயிருப்பது தற்செயலா, மனிதர் செய்ததா என்பதையும் சேர்த்தே ஆராய்வோம்.