வேலைத்தலத்துக்கு வெளியே உருவான ‘சஹானா’: இணையக் குழுக்கள் ஊழியரின் படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி?

எம்பிலிப்பிட்டியவில் நான் சந்திக்கும் ஊழியர்களில் அநேகரின் கைபேசியில் வேலைத்தலத்துக்கென ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. தோட்ட உத்தியோகத்தர், ஆசிரியர், தாதி என்று யாரைக் கேட்டாலும் அதில் வருவது ஏறக்குறைய ஒன்றுதான்: மேலிருந்து ஒரு சுற்றறிக்கை, கீழிருந்து ‘சரி சேர்’. இதை இணையச் சமூகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெயருக்குப் பொருத்தமான ஓர் உதாரணம் இலங்கையிலேயே உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்ற விபரங்கள் ஓரிடத்தில் இருக்கவில்லை. கொழும்பின் தகவல் தொழில்நுட்ப நிறுவன ஊழியர்கள் சில நாட்களிலேயே தொண்டர்களாக ஒன்றுசேர்ந்து ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் ‘சஹானா’ என்ற பெயரை அதற்கு வைத்தார்கள். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள், உதவிக் கோரிக்கைகள் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு இருந்தது.

பின்னர் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதைத் திறந்த மூல மென்பொருளாக வளர்த்தது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அதைப் படிக்கலாம், பிழை சொல்லலாம், திருத்தலாம். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

காணாமற்போனோர் பதிவேடு என்ற சொல் எமது வாசகர்களுக்கு வலிக்கும் என்று தெரியும். இந்த எம்பிலிப்பிட்டியவிலும் 1989-90இல் பாடசாலை மாணவர்கள் காணாமலாக்கப்பட்டார்கள். மென்பொருள் தேடுவதை இலகுவாக்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் வாய் திறக்காவிட்டால் அதனால் ஒன்றும் ஆகாது.

அந்த ஊழியர்களின் திறமை சுனாமிக்கு முன்னரும் அவர்களிடம் இருந்ததுதான். அதை வெளியே கொண்டுவந்தவை சில சூழ்நிலைகள். பிரச்சினை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அரைகுறை யோசனையையும் முன்வைக்க முடிந்தது, அதைத் திருத்திக்கொடுக்க வேறு நிறுவனத்தவரும் இருந்தார்கள். செய்தவர் பெயர் வேலையோடு சேர்ந்து நின்றது.

இதில் பெயர் சாதாரண விடயமல்ல. 1990களில் ஸெரொக்ஸ் நிறுவனம் பிரதி இயந்திரம் திருத்துவோருக்காக ‘யுரேக்கா’ என்ற பொதுத் தரவுத்தளத்தை உருவாக்கியது. கைநூலில் இல்லாத திருத்த வழிகளை அவர்களே அதில் எழுதினார்கள், சக தொழிலாளர் சரிபார்த்த பின் அவை எழுதியவரின் பெயரோடு எல்லோரையும் சென்றடைந்தன. சிறு பணப்பரிசை விட இந்தப் பெயர் கூடுதலாக வேலை செய்யும் என்றே நான் நினைக்கிறேன். எமது வேலைத்தலங்களில் தொழிலாளி கண்டுபிடித்த வழி அடுத்த மாதமே மேலதிகாரியின் யோசனையாகிவிடுவதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்!

ஆகவே சுற்றறிக்கைக் குழுவை அப்படியே விட்டுவிட்டு, ஒரே வேலை செய்யும் பல இடத்தவர் சேர்ந்து இன்னொரு குழு தொடங்குவது நல்லது. முகாமையாளர் அதில் இல்லாதிருந்தால் இன்னும் நல்லது. ஊழியர் விபரம், நோயாளர் விபரம், நிறுவனக் கணக்கு எதையும் அங்கே போடக்கூடாது, அது வேலைக்கே ஆபத்து.

இரத்தினபுரி மாவட்டத்தில் மொழியும் ஒரு தடை. சிங்களத்தில் எழுதத் தயங்கியே பல தமிழ் ஊழியர் கலப்புக் குழுக்களில் பேசாமல் இருக்கிறார்கள். அவர்கள் தமிழிலேயே குரல் பதிவு போடலாம். இரு மொழியும் தெரிந்த ஒருவர் அதைச் சிங்களத்தில் எழுதி, சொன்னவரின் பெயரையும் சேர்த்துப் பகிர ஐந்து நிமிடம் போதும்.