பாதிப் பாதிச் சட்டை: கிரானிட் ஜாக்காவின் கதை

2016 ஜூன் 11. பிரான்சில் லான்ஸ் நகர மைதானம். ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் சுவிற்சர்லாந்தும் அல்பேனியாவும் மோதுகின்றன. பார்வையாளர் பகுதியில் இருக்கும் ஒரு தாயின் சட்டையில் ஒரு பாதி சுவிஸ் கொடி, மறு பாதி அல்பேனியக் கொடி. அவருடைய இரண்டு பிள்ளைகளும் களத்தில் நிற்கிறார்கள். மூத்தவர் தௌலாந்த் அல்பேனியாவுக்காக, இளையவர் கிரானிட் சுவிஸுக்காக. ஐரோப்பியக் கிண்ண வரலாற்றில் உடன்பிறந்த இருவர் எதிரெதிராக ஆடியது அதுவே முதல் தடவை.

சுவிஸ் 1-0 என வென்றது. அந்தத் தாய் சிரித்திருப்பாரா, அழுதிருப்பாரா? இரண்டும் நடந்திருக்கலாம். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

முதலில் பெயரைச் சரியாகச் சொல்லுவோம். அல்பேனிய மொழியில் 'எக்ஸ்', 'எச்' இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் 'ஜ' என்ற ஒலி. ஆகவே அவர் 'ஷாக்கா' அல்ல, 'ஜாக்கா'. இங்கிலாந்து வர்ணனையாளர்கள் பலர் அதைப் பல வருடங்களாகப் பிழையாகத்தான் சொன்னார்கள். வகுப்பில் ஆசிரியர் இடாப்பைப் பார்த்து உங்கள் பெயரில் வந்ததும் ஒரு கணம் நிற்பாரே, அது உங்களுக்குத் தெரியும்தானே?

இந்தக் கதை அவருடைய அப்பாவிடம்தான் தொடங்குகிறது. ராகிப் ஜாக்கா கொசோவோவில் பல்கலைக்கழக மாணவனாக இருந்தவர். அன்று கொசோவோ, யூகோஸ்லாவியா என்ற நாட்டுக்குள் இருந்த ஒரு மாகாணம். அங்கே பெரும்பான்மையானோர் அல்பேனிய மொழி பேசுபவர்கள். 1974 அரசியலமைப்பு அவர்களுக்கு ஓரளவு தன்னாட்சி கொடுத்தது. அது போதாது என்று 1981இல் பிரிஸ்டினா மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். அரசு அதை அடக்கியது. 1986இல் அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காக ராகிப் கைது செய்யப்பட்டார். ஆறு வருடச் சிறைத்தண்டனை. மூன்றரை வருடம் உள்ளே இருந்த பிறகு விடுதலையானார். 1989இல் மிலோசெவிச்சின் ஆட்சி அந்தத் தன்னாட்சியையும் பறித்தது. அடுத்த வருடம் ராகிப்பும் மனைவி எல்மாசேயும் சுவிற்சர்லாந்துக்குப் புறப்பட்டார்கள். 1991இல் தௌலாந்த், 1992இல் கிரானிட், இருவரும் பாசல் நகரில் பிறந்தார்கள்.

சுவிஸில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பின்னணி பக்கத்து வீட்டுக் கதை. கொசோவோக்காரர்கள் முதலில் பருவகாலத் தொழிலாளராக வந்தார்கள், பிறகு அகதிகளாக வந்தார்கள். எங்கள் பெற்றோர் 1983க்குப் பிறகு வந்து சேர்ந்த அதே வருடங்கள் அவை. ஒரே மாடிக் குடியிருப்பு, ஒரே பள்ளி, ஒரே உணவகத்துச் சமையலறை. இரு வீட்டிலும் மாலைச் செய்தி தொடங்கினால் பிள்ளைகள் வாயை மூட வேண்டும். ஊரில் என்ன நடக்கிறது என்று அப்பாக்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கிரானிட் பாசல் நகரின் கொன்கோர்டியா கழகத்தில் ஆடத் தொடங்கி, எஃப்.சி. பாசலின் இளையோர் அணிக்குப் போனார். 2009இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணத்தை சுவிஸ் வென்றது. ஏழு ஆட்டம், ஏழு வெற்றி. இறுதியாட்டத்தில் நைஜீரியாவையே 1-0 என வீழ்த்தினார்கள். கோல் அடித்த செஃபெரோவிச்சின் குடும்பம் பொஸ்னியாவிலிருந்து வந்தது. அணியில் பலர் அப்படித்தான், குடியேறியவர்களின் பிள்ளைகள். சுவிஸ் உதைபந்தாட்டத்துக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது.

பாசலோடு 2011, 2012 என இரண்டு தேசிய லீக் பட்டங்கள். 2011 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெட்டை 2-1 என வென்று சாம்பியன்ஸ் லீக்கிலிருந்தே வெளியேற்றிய அணியில் 19 வயது ஜாக்காவும் இருந்தார். பிறகு யேர்மனியின் மூன்ஷென்கிளாட்பாக், 2016இல் லண்டனின் ஆர்சனல்.

சரி, அண்ணனும் தம்பியும் ஏன் இரண்டு அணிகளில்? தௌலாந்தும் சுவிஸ் இளையோர் அணிகளில் ஆடியவர்தான். பெரியவரானதும் அல்பேனியாவைத் தேர்ந்தார். கிரானிட் சுவிஸிலேயே நின்றார். கொசோவோவுக்கு ஆடலாமே என்று கேட்பீர்கள். 2008இல் சுதந்திரத்தை அறிவித்த கொசோவோவை ஃபிஃபா 2016 மே மாதத்தில்தான் உறுப்பினராகச் சேர்த்தது. அதற்கு முன் அப்படி ஒரு அணியே உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஆட முடியாது.

2018 ஜூன் 22, ரஷ்யாவின் கலினின்கிராட். உலகக் கிண்ணத்தில் சுவிஸுக்கு எதிரே சேர்பியா. கொசோவோவின் சுதந்திரத்தை ஏற்காத நாடு. சேர்பியா முதலில் கோல் போட்டது. 52ஆவது நிமிடத்தில் ஜாக்கா தூரத்திலிருந்து இடது காலால் அடித்த பந்து வலைக்குள் பாய்ந்தது. உடனே இரு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்து விரல்களை விரித்தார். அல்பேனியக் கொடியில் உள்ள இருதலைக் கழுகு அது. 90ஆவது நிமிடத்தில் கொசோவோவில் பிறந்த ஷக்கிரி வெற்றிக் கோலை அடித்து, அதே சைகையைக் காட்டினார். கொசோவோ வேர் எதுவும் இல்லாத தலைவர் லிக்ஸ்ட்டைனரும் சக வீரர்களோடு சேர்ந்து அதைக் காட்டினார்!

சேர்பியர்களுக்கு அது அவமதிப்பு. ஃபிஃபா ஜாக்காவுக்கும் ஷக்கிரிக்கும் தலா 10,000 பிராங்க், லிக்ஸ்ட்டைனருக்கு 5,000 பிராங்க் தண்டம் விதித்தது. சுவிஸில் வேறு ஒரு கேள்வி எழுந்தது: இவர்கள் உண்மையில் சுவிஸ்காரர்தானா? போட்டி முடிந்ததும் உதைபந்தாட்டச் சங்கத்தின் பொதுச் செயலாளரே, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை அணியில் வைத்திருக்க வேண்டுமா என்று வெளிப்படையாகக் கேட்டார். வென்று கொடுத்த கோலுக்குப் பிறகும் இந்தக் கேள்வி வந்தது என்பதைக் கவனியுங்கள்.

சிறையில் இருந்த ஒரு தந்தையின் மகனுக்கு அந்தக் கணத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. களத்தில் எதிரே நின்ற சேர்பிய வீரர்கள் அந்தச் சிறைக் கதவைப் பூட்டியவர்கள் அல்ல என்பதும் தெரிகிறது. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருப்பதுதான் கஷ்டம்.

லண்டனில் அடுத்த அடி விழுந்தது. 2019 அக்டோபர் 27, கிறிஸ்டல் பேலஸுக்கு எதிரான ஆட்டம். அணித்தலைவர் ஜாக்காவை வெளியே அழைத்தபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். அவர் காதில் கை வைத்து, 'இன்னும் சத்தமாக' என்பதுபோல் காட்டினார். சட்டையைக் கழற்றி எறிந்தார். சில நாட்களில் தலைமைப் பதவி போனது. பெட்டி கட்டியாயிற்று. அப்போது புதிதாக வந்த பயிற்றுநர் மிகேல் அர்த்தேத்தா, 'கொஞ்சம் பொறு' என்று பேசி நிறுத்தினார். ஜாக்கா நின்றார். 2023 மே மாதம் ஆர்சனலுக்காக 297ஆவதும் கடைசியுமான ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். கூச்சலிட்ட அதே மைதானம் அவர் பெயரைப் பாடியது.

இடையில் 2021 ஜூன் 28, புக்கரெஸ்ட். உலக வெற்றியாளர் பிரான்ஸிடம் 1-3 எனப் பின்தங்கிய சுவிஸ், கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் போட்டது. 90ஆவது நிமிடக் கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் ஜாக்கா. பெனால்டியில் சுவிஸ் வென்றது. பெரிய தொடர் ஒன்றின் வெளியேற்றுச் சுற்றில் 1938க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. 'இவர் சுவிஸ்காரர்தானா' என்று கேட்கப்பட்டவர்தான் அன்று அணியின் தலைவர்.

பிறகு யேர்மனியின் லெவர்குசன். 1904இல் தொடங்கிய அந்தக் கழகம் ஒருதடவைகூட புண்டஸ்லிகா பட்டம் வென்றதில்லை. ஜாக்கா வந்த முதல் பருவத்திலேயே, 2023-24இல், 34 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் வென்றது. யேர்மன் கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோலும் அவருடையது. சுவிஸுக்காக அதிக ஆட்டம் ஆடியவர் என்ற சாதனையும் 2023இல் அவர் கைக்கு வந்தது. 2025இல் மறுபடி இங்கிலாந்து, சண்டர்லாண்ட். அங்கேயும் அணித்தலைவர்.

நடுக்கள வீரரின் வேலை கோல் அடிப்பதல்ல. பின்னால் இருந்து பந்தை வாங்கி, தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்த்து, முன்னால் இருப்பவனுக்குக் கொடுப்பது. எங்கள் தலைமுறையின் வேலையும் ஏறக்குறைய அதுதான். வாங்கும்போது யாரிடமிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் நல்லது. ஆகவே இன்று இரவு உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒன்றைக் கேளுங்கள்: இங்கே வருவதற்கு முந்திய வருடம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?