போர்க்கருவியும் கைவினையும்: அமெரிக்கக் கைத்துப்பாக்கி வரலாற்றில் ஓர் அத்தியாயம்

ஒரு கருவியின் வரலாறு அதனை ஆக்கியோரின் வரலாறு மட்டுமன்று. அதனைக் கையிலேந்தியோர் எவர், ஏந்தக்கூடாதென விலக்கப்பட்டோர் எவர் என்பனவும் அவ்வரலாற்றின் பகுதிகளேயாம். மன்னரின் வாளும் அந்நியரின் பீரங்கியும் பெற்ற கவனத்தை, தனிமனிதன் இடையிற் செருகிக்கொள்ளும் சிறு படைக்கலம் நம் வரலாற்று மாணவரிடையே பெற்றதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் ஒருவர் தமது கைக்கென அளவெடுத்துச் செய்வித்த கைத்துப்பாக்கியைப் போட்டிக்களத்திலும் தெருவிலும் உடன்கொண்டு செல்லும் வழக்கம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை இக்கட்டுரை நோக்க முற்படுகின்றது. விளையாட்டும் உயிர்பறிக்கும் ஆற்றலும் ஒரே பொருளில் இணைந்து நிற்பதே இவ்வரலாற்றின் சிக்கலாகும்.

இவ்வழக்கத்துக்கு அடிநிலையாக அமைந்தது ‘1911’ என ஆண்டின் பெயராலேயே அறியப்படும் துப்பாக்கியாகும். யூட்டா மாநிலத்து ஒக்டன் நகரில் 1855இல் பிறந்த ஜோன் மோசஸ் பிரௌணிங் இதனை வடிவமைத்தார். கோல்ற் நிறுவனம் உற்பத்தி செய்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் மோரோ மக்களின் எதிர்ப்பை .38 அளவுச் சுழல்துப்பாக்கியால் தடுத்து நிறுத்த முடியவில்லை என்ற படையினரின் முறைப்பாடே .45 அளவுச் சன்னத்துக்கு வழிகோலிற்று. குடியேற்றவாதப் போரொன்றின் தேவையிலே இக்கருவி பிறந்தது என்பதை, அதன் அழகினைப் போற்றுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். 1911 மார்ச் மாதத்தில் நடந்த இறுதிச் சோதனையில் இரு நாள்களில் 6,000 ரவைகள் சுடப்பட்டபோதும் இத்துப்பாக்கி ஒருமுறையேனும் சிக்கிக்கொள்ளவில்லை. அம்மாதம் 29ஆம் நாள் தரைப்படை இதனை ஏற்றுக்கொண்டது. 1985 வரை இது படையின் முறைமையான கைத்துப்பாக்கியாக விளங்கியது.

படைக்கென ஆக்கப்பட்ட இத்துப்பாக்கியின் தலையாய பண்பு அதன் உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடியவையாயிருந்தமையாகும். நூறு துப்பாக்கிகளைக் கழற்றிக் கலந்துவிட்டு, கைக்கு வந்த உறுப்புகளைக் கொண்டு மீண்டும் நூறு துப்பாக்கிகளைப் பூட்டலாம் என்பதே திரளுற்பத்தியின் இலட்சியம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தட்டச்சுப்பொறி செய்த றெமிங்டன் றாண்ட் நிறுவனம் இலட்சக்கணக்கில் இதனை உற்பத்தி செய்தது. தையல் இயந்திரத்தால் நம் இல்லங்களுக்கெல்லாம் அறிமுகமான சிங்கர் நிறுவனமும் 500 துப்பாக்கிகளைச் செய்தளித்தது என்பது பலரும் அறியாத செய்தி. இவ்வாறு மாற்றிப் பொருத்துவதற்காக உறுப்புகளிடையே சிறிது தளர்ச்சி விடப்பட்டது. சேற்றிலும் மணலிலும் துப்பாக்கி இயங்குவதற்கு அத்தளர்ச்சி உதவிற்று. ஆனால் குறிதவறாமைக்கு அதுவே பகையாயிற்று.

இந்த இடத்திலேதான் கைவினைஞன் வரலாற்றினுள் மீண்டும் நுழைகின்றான். ஓகையோ மாநிலத்தின் காம்ப் பெரி எனுமிடத்தில் 1907 முதல் தேசியச் சுடுபோட்டிகள் நடைபெற்று வந்தன. கைத்துப்பாக்கியை ஒரு கையால் நீட்டிப் பிடித்து, 25 யாரிலும் 50 யாரிலும் வட்டப் பலகையைச் சுடுவது அங்கு முறை. படையின் தளர்ந்த துப்பாக்கி இதற்குப் போதாமையால் படைக் கொல்லர்கள் அதனை இறுக்கத் தொடங்கினர். முன்னும் பின்னும் வழுக்கியோடும் சிலைட் எனும் மேற்பகுதி, சட்டகத்தின் தடங்களில் அசைவின்றிப் படியும்வரை தட்டியும் தேய்த்தும் சரிசெய்யப்பட்டது. குழலின் முனையைத் தாங்கும் வளையம் அந்தக் குழலுக்கென்றே கடைந்து பொருத்தப்பட்டது. குழல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து பூட்டிக்கொள்ளுமாறு அதன் புடைப்புகளில் உலோகம் பற்றவைத்து, பின் அரத்தால் மயிரிழை மயிரிழையாக அராவப்பட்டது. விசையின் இழுப்பு மென்மையாகுமாறு உட்பற்கள் சாணைக்கல்லில் தீட்டப்பட்டன; ஆயினும் .45 துப்பாக்கியின் விசை 3½ இறாத்தலுக்குக் குறையக்கூடாது என்பது போட்டி விதி. இத்தனையும் முடிந்தபின் அந்த உறுப்புகள் வேறெந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தமாட்டா. இயந்திரம் நூறாண்டு முயன்று ஒழித்த தனித்தன்மையை ஓர் அரம் சில நாள்களில் மீட்டுக்கொடுத்தது எனலாம்.

எனினும் காம்ப் பெரியின் துப்பாக்கி போட்டிக்கு மட்டுமே உரியது. போட்டித் துப்பாக்கியையும் தற்காப்புத் துப்பாக்கியையும் ஒன்றாக்கியவர் முன்னாள் கடற்படைக் காலாட்படை அதிகாரியும் எழுத்தாளருமான ஜெப் கூப்பர் ஆவார். 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பிக் பெயர் எனும் மலைப்பிரதேசத்தில் அவர் நடத்திய போட்டிகளில், துப்பாக்கி உறையிலிருந்து உருவப்பட வேண்டும்; நேரம் கணிக்கப்படும்; எப்படிப் பிடிப்பது என்பதற்கு விதியில்லை. ஏனையோர் இடுப்பருகே வைத்துச் சுட்டபோது, லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டப் பொலிஸ் உத்தியோகத்தரான ஜாக் வீவர் இரு கைகளாலும் பற்றிக் கண்மட்டத்துக்கு உயர்த்திக் குறிபார்த்துச் சுட்டு 1959இல் வென்றார். விளையாட்டே ஆய்வுகூடமாகிய கதை இது. 1976 மே மாதம் மிசூரியின் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் சர்வதேச நடைமுறைச் சுடுதற் கூட்டமைப்பு நிறுவப்பட, கூப்பர் அதன் முதல் தலைவரானார். செம்மை, வலிமை, வேகம் ஆகிய மூன்றும் அதன் இலச்சினையில் இலத்தீன் மொழியிற் பொறிக்கப்பட்டன.

தெருவில் அணிந்து செல்வதையே போட்டியிலும் அணிக என்பது இவ்வியக்கத்தின் கொள்கை. அக்கொள்கையே தனியார் துப்பாக்கிக் கொல்லருக்கு ஒரு பொற்காலத்தை ஈந்தது. கலிபோர்னியாவின் ஆர்மண்ட் சுவென்சன் இரு கைக்காரருக்கும் உதவும் பாதுகாப்புத் தாழ்களையும், இரண்டாம் கையின் விரல் பதியச் சதுரமாக்கிய விசைக்காப்பையும் அமைத்துப் புகழ்பெற்றார். ஆர்கன்சோவின் பெரிவில் என்னும் சிற்றூரில் 1977இல் தொழிலைத் தொடங்கிய பில் வில்சன் கடிகாரம் திருத்தும் கைப்பழக்கத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தார். இக்கொல்லர்கள் காம்ப் பெரியின் இறுக்கத்தை அப்படியே பின்பற்றவில்லை என்பது நோக்கற்பாலது. உயிர் ஆபத்தில் எடுக்கும் துப்பாக்கி ஒருமுறையேனும் சிக்கலாகாது. எனவே ரவை ஏறும் சரிவை மெருகிட்டும், ரவைக்கூட்டின் வாயை அகலித்தும், கூரிய விளிம்புகளை மழுக்கியும், இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் இடையே ஒரு நடுநிலையைக் கண்டனர். அந்நடுநிலையே அவர்களது கலை. அதனை நூலிலிருந்து கற்க முடியாது.

ஆனால் வெற்றி என்ற சொல் வந்துவிட்டால் கொள்கை நெடுநாள் நிலைப்பதில்லை. குழல்முனையில் வாயுவை மேனோக்கித் திருப்பி உதைப்பைக் குறைக்கும் துளைப்பகுதி முதலில் வந்தது. சன்னத்தின் நிறையையும் வேகத்தையும் பெருக்கிப் பெறும் எண்ணே ‘வலிமை’யின் அளவாகக் கொள்ளப்பட்டமையால், இலேசான சன்னத்தை மிகு வேகத்தில் செலுத்தியும் அதே எண்ணைப் பெறலாம் எனக் கண்டோர் 1929இல் அறிமுகமாகிய .38 சுப்பர் ரவைக்கு மாறினர். றொப் லேதம், பிரையன் ஈனோஸ் ஆகிய வீரர்கள் 1980களில் இதில் முன்னின்றனர். 1990 அளவில் செம்புள்ளி காட்டும் ஒளிக்குறிகாட்டி வந்தது. அடுத்து இருபதுக்கு மேற்பட்ட ரவை கொள்ளும் இரட்டைவரிசைக் கூடு வந்தது. சட்டையின் கீழ் மறைக்கவே இயலாத இவ்வியந்திரத்தைக் கண்டு கூப்பர் மனங்கசந்தார். 1996இல் வில்சனும் பிறரும் வேறொரு சங்கத்தை அமைத்து, அன்றாடம் அணியத்தக்க துப்பாக்கியையே மேலாடையின் கீழிருந்து எடுத்துச் சுடவேண்டுமென விதித்தனர். ஒன்றாயிருந்தது இவ்வாறு இரண்டாயிற்று. ஆர்வமும் பணமும் உள்ளவர் களத்துக்கொன்றும் இடைக்கொன்றுமாக இரண்டைச் செய்விக்கலாயினர். இதில் வேடிக்கை யாதெனின், அன்று எள்ளி நகையாடப்பட்ட செம்புள்ளிக் குறிகாட்டி இன்று பொலிசாரின் இடைத்துப்பாக்கியிலேயே ஏறிவிட்டது.

கைவினையைப் பற்றி இவ்வளவு கூறியபின் உரிமையைப் பற்றிக் கூறாதுவிடின் இவ்வரலாறு முடமாகும். 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி தொடரிலக்கம் பொறித்த சட்டகமே துப்பாக்கி. குழலும் சிலைட்டும் விசையும் வெறும் உதிரிகள். கொல்லன் எதை மாற்றினும் சட்டத்தின் கண்ணில் அப்பொருள் மாறுவதில்லை. அதனை மறைத்துக்கொண்டு செல்வதோ வேறு வழக்கு. படை இத்துப்பாக்கியை ஏற்ற அதே 1911ஆம் ஆண்டிலேதான் நியூயோர்க் மாநிலம் சலிவன் சட்டத்தை இயற்றி, கைத்துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. எவருக்கு அனுமதி என்பதை அதிகாரி தம் விருப்பப்படி தீர்மானிக்கும் முறை பல மாநிலங்களிலும் நிலவியது. அம்முறை எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: 1956இல் தமது வீட்டின்மீது குண்டெறியப்பட்டபின் மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவில் அனுமதி கோரினார், மறுக்கப்பட்டது. 1987இல் புளோரிடா, தகுதியுடைய எவருக்கும் அனுமதி வழங்கவேண்டும் எனச் சட்டமியற்ற, ஏனைய மாநிலங்கள் தொடர்ந்தன. 2022இல் உயர்நீதிமன்றம் நியூயோர்க்கின் ‘தகுந்த காரணம்’ என்ற நிபந்தனையைச் செல்லாதாக்கியது. 2024 அளவில் 29 மாநிலங்களில் அனுமதிப்பத்திரமே வேண்டியதில்லை என்றாயிற்று. ஒருவருக்கு மறுக்கப்பட்டதை நீதி எனவும், எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டதை நீதி எனவும் ஒரே மூச்சில் கொள்ள இயலவில்லை. தன்னிச்சையான அதிகாரம் ஒரு தீமை, கேள்வியற்ற ஆயுதப் பெருக்கம் மற்றொரு தீமை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

பிரித்தானியா எதிர்த்திசையிற் சென்றது. 1996 மார்ச் 13இல் ஸ்கொத்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 16 சிறார்களும் அவர்தம் ஆசிரியையும் கொல்லப்பட்டனர். கொலையாளியின் கைத்துப்பாக்கிகள் யாவும் சட்டப்படி, சுடுபோட்டியின் பெயரால் வைத்திருக்கப்பட்டவை. நீதியரசர் கலன் பிரபுவின் விசாரணை, துப்பாக்கிகளின் பாகங்களைக் கழற்றிக் கழகங்களில் வைப்பது போன்ற இடைவழிகளையே பரிந்துரைத்தது. அரசாங்கங்கள் அதற்கப்பாற் சென்று 1997இல் இரு சட்டங்களால் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளையும் தடைசெய்தன. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவை ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் தம் கைக்கெனச் செய்வித்தவை எத்தனையோ இருந்திருக்கும். ஒலிம்பிக் பிஸ்ரல் வீரர்கள் பயிற்சிக்காகக் கடல்கடந்து செல்ல நேர்ந்தது. 2012இன் இலண்டன் ஒலிம்பிக்கை முன்னிட்டுத் தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டும் உள்நாட்டிற் பயில விசேட அனுமதி வழங்கப்பட்டது.